நவமணி நிரப்பிய பெயர்

மேடையில் வீற்றிருக்கும் வீடமைப்புச் சங்கத் தலைவர் திரு. பத்துமலை அவர்களே, மகள் நவமணியின் மாலையிட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இருளாயி அம்மா அவர்களே, செமோர், காம்பார், லூமுட் கிளைகளிலிருந்து பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்!

நான் செயலாளர் பெர்னார்ட். நம் கம்ப்யூட்டர் அதிகாரி குமாரி நவமணி அவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கலாம். ஆனால் அவரிடம் என்னளவுக்குத் திட்டு வாங்கியவர் யார்? ஒருவரும் இல்லை!

மூன்று கிளைகளுக்கும் ஒரே புரோகிராம் எழுதியவர் நவமணி. கிளையின் முகவரியும் தொடர்புக்குரியவர் பெயரும் வரவேண்டிய இடங்களில் வெறும் குறி போட்டிருப்பார். பெயர்களெல்லாம் தனிக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் டிஸ்க் தயாராகும்போது கம்ப்யூட்டரே அதைப் பார்த்துக் குறிகளை நிரப்பிவிடும்.

1986 மார்ச் மாதம். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யவேண்டிய நாற்பது செமோர்க் குடும்பங்களுக்கு வீட்டுக் கடிதம் பகல் தபாலில் போயாக வேண்டும். தவறினால் வீடு அடுத்தவருக்கு. நவமணிக்கோ காய்ச்சல். நானே டிஸ்க் தயாரிக்க உட்கார்ந்தேன். எந்தெந்தக் கோப்பை நிரப்பலாம் என்று அவர் எழுதிவைத்த பட்டியலை நான் பார்த்தேனா? இல்லையே! எல்லாவற்றையும் நிரப்பு என்றேன். கம்ப்யூட்டரும் கேட்டது. தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் இருந்த கோப்புக்குள்ளும் புகுந்து, குறிபோலத் தெரிந்ததையெல்லாம் மாற்றிவிட்டது. ராக்காயி என்ற பெயர் பிரிண்டரில் பூச்சி பூச்சியாக வந்தது!

போன் போட்டேன். பதினொரு மணிக்கு ஸ்வெட்டரோடு வந்துவிட்டார்.

"என்னா அண்ணே, எல்லாத்தையும் ஏன் உள்ள தள்ளுனீங்க? நெரப்புறது வேற, அப்படியே போறது வேற லா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பத்திரமாக வைத்திருந்த பிரதியிலிருந்து எழுத்துக் கோப்பை மீட்டார். நிரப்பவேண்டியவற்றை ஓரிடத்திலும், தொடாமல் நகலெடுக்கவேண்டியவற்றை இன்னோரிடத்திலும் பிரித்துவைத்தார். நாற்பது கடிதங்களும் தபாலைப் பிடித்தன. ராக்காயி அக்கா இன்று அந்த வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறார். கையைத் தூக்குங்கள் அக்கா!

அன்றிலிருந்து இரண்டு வருடம், பெயர்க் கோப்பின் பக்கம் என்னை விடவே இல்லை. "சொல்லுங்கண்ணே, நானே மாத்துறேன்" என்பார். சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் வலித்தது, சொன்னதில்லை.

நேற்று, தொடர்புக்குரியவர் என்ற வரியிலிருந்து அவர் பெயரை எடுக்கவேண்டுமே என்று அந்தக் கோப்பைத் திறந்தேன். அங்கே நவமணியின் பெயர் இல்லை. கோப்பின் தேதியைப் பார்த்தேன்: கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாளே மாற்றியிருக்கிறார். மூன்று கிளைக்கும் ஒரே பெயர்: பெர்னார்ட்.

உறுப்பினர்களே! கடைசிக் குடும்பம் லயத்தைவிட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிபோகும்வரை நம் கடிதங்கள் நிற்காது. அதற்கு நான் பொறுப்பு.

எழுத்துக் கோப்பைத் தொடவே மாட்டேன், தங்கச்சி!