ஒன்பதாவது குழியின் மேடு

முழங்காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டு நாற்காலி போட்டிருக்கிறீர்கள். நன்றி சார். மடக்கியே உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் மிரட்டிக் கூட்டிவரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அப்ரோச் ஷாட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. டென்னிஸில் எதிராளி பந்தைக் குட்டையாகப் போட்டுவிட்டால், முன்னால் ஓடிவந்து அதை அவருடைய பின்கோட்டுக்குப் பக்கத்தில் ஆழமாக அடிப்போம். அந்த அடியில் பெரும்பாலும் பாயின்ட் வராது. அவரைத் தடுமாற வைத்து, அரைகுறையாக ஒரு பந்தைத் திருப்பி அனுப்ப வைப்பதுதான் அதன் வேலை. வலைக்குப் பக்கத்தில் நிற்பவர் அதை ஒரே தட்டில் முடித்துவிடுவார். கைதட்டல் அந்தத் தட்டுக்குத்தான்.

நானும் தம்பியும் கிளப்பில் பதினோரு வருஷம் இரட்டையர் ஆட்டம் ஆடினோம். பின்னாலிருந்து ஆழமாக அடிப்பது நான். வலையில் நிற்பது அவன். யாராவது போனால் போகிறதென்று என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால், என் தோளில் கைபோட்டுச் சொல்வான்: "அண்ணன் சமைப்பாரு, நான் சாப்பிடுவேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல வேடிக்கைப் பேச்சுதான்.

அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு கிளப்பில் அவனுக்கு கோல்ஃப் மைதானத்தின் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். குடியிருக்க வீடும் கொடுத்தார்கள். நானும் அவர்களோடு அங்கேதான் இருந்தேன். நான் உறுப்பினர்களுக்கு எதிரில் நின்று பந்து அடித்துக் கொடுக்கும் ஆளாகவே இருந்தேன், முழங்கால் போகிற வரைக்கும். போனபிறகு தம்பி கிளப் செயலாளரைப் பார்த்துப் பேசி, உட்கார்ந்து எழ வேண்டாத ஒரு வேலையை வாங்கித் தந்தான். கொடி காட்டுகிற வேலை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பி மனைவி சொல்வாள், "எங்க வீட்டுக்காரர் மட்டும் போய்க் கேக்கலைன்னா அவரோட அண்ணன் கதி என்னாயிருக்கும்?" நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் மனசில் கள்ளம் கிடையாது. உண்மையைத்தானே சொன்னாள்.

கோல்ஃப் மைதானத்தில் ஒன்பதாவது குழிக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. ஆடுகிறவர் மேட்டுக்கு இந்தப் பக்கம் நூற்றைம்பது கஜம் தள்ளி நிற்பார். குழி அந்தப் பக்கம், பள்ளத்தில். அவர் கண்ணுக்கு அது தெரியாது. மேட்டு உச்சியில் நான் நிற்பேன். குழிக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் சிவப்புக் கொடி, இல்லாவிட்டால் பச்சை. அங்கிருந்து குழியை நோக்கி அடிக்கிற அந்த அடிக்கும் அப்ரோச் ஷாட் என்றுதான் பெயர். ஒரு வித்தியாசம் உண்டு. டென்னிஸில் எதிரே பதிலடி கொடுக்க ஒருவர் தயாராக நிற்கிறார். கோல்ஃபில் எதிரே யாரும் நிற்பதில்லை. நிற்கவும் கூடாது.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தனியாக வந்து ஆடுவார். ஏழு மணிக்கு ஒன்பதாவது குழிக்கு வந்துவிடுவார். கைராசிக்காரர். அவர் அடிக்கிற பத்துப் பந்தில் ஏழு, குழியிலிருந்து நாலு எட்டுக்குள் விழும். அதே நேரத்தில்தான் தம்பி அங்கே குந்தியிருந்து, பந்து விழுந்து பள்ளமான இடங்களைச் சின்ன முள்ளால் நெம்பிச் சமன் செய்வான். புல்வெட்டும் இயந்திரத்தோடேயே காலம் தள்ளியதில் அவனுக்கு இரண்டு காதும் மந்தம். மேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்காது.

முதல் தடவை கவனக்குறைவுதான். என் கண்ணில் வெயில் அடித்தது, பச்சையைத் தூக்கிவிட்டேன். பந்து தம்பியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டாவது தடவை. தினமும் செய்யவில்லை சார். தினமும் செய்தால் மனசில் வைத்துக்கொண்டு செய்ததாக ஆகிவிடும். தோன்றுகிற அன்றைக்குத் தூக்குவேன். அதோடு என் வேலை முடிந்தது. மிச்சத்தைப் பந்திடம் விட்டுவிடுவேன். இப்படி இருபத்தாறு காலை. ஒரு நாள் மணலில் விழுந்தது. ஒரு நாள் அவனுடைய தண்ணீர்க் குடுவையை உடைத்தது. அன்றைக்கு மேட்டுக்கு ஏறி வந்தான்.

"அண்ணே, ஆள் இருக்கிறது தெரியலையா? ஒரு சாண்ல தப்பிச்சேன்."

"வெயில் கண்ணைக் கூசுதுடா."

என் முகத்தையே பார்த்தான். கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"செயலாளர் காதுக்குப் போனா உங்க வேலைக்கு உலை வச்சிடுவாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிக்காதீங்க" என்றான்.

மறுநாள் முன்பக்கம் நீண்ட ஒரு தொப்பி வாங்கிவந்து, அவனே என் தலையில் வைத்துச் சரிசெய்தான். அளவு கச்சிதமாக இருந்தது. அந்தத் தொப்பியோடு மேலும் ஒன்பது தடவை பச்சையைத் தூக்கினேன்.

இருபத்தாறாவது காலை காற்றே இல்லை. கீழே டாக்டர் மட்டையை இரண்டு முறை வீசிப் பார்த்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பக்கம் தம்பி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். கொடியைத் தூக்கினேன். மட்டை பந்தில் படும் சத்தத்தை வைத்தே நல்ல அடியா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அது மிக நல்ல அடி. பந்து என் தலைக்கு மேலே போனது. எண்ண ஆரம்பித்தேன். மூன்று வரைக்கும்தான் எண்ண முடிந்தது. காதுக்கு மேலே பட்டு, அவன் புல்லில் நெற்றியை வைத்துப் படுத்துக்கொண்டான். மேட்டை விட்டு இறங்க எனக்கு நேரமாயிற்று. முழங்கால்தான் காரணம்.

டாக்டர் அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. தம்பி செத்த பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கையாலதாங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க டாக்டர்" என்று அவரைத் தேற்றி அனுப்பினேன். மனதார மன்னித்தேன். தம்பி மனைவி கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டே, "அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றாள்.

பிறகு உங்கள் ஆட்கள் எழுதிய அறிக்கையைச் செயலாளர் படித்துக் காட்டினார். டாக்டர் அடித்த பந்தால் நேர்ந்த விபத்து என்று ஒன்றரைப் பக்கம். அதில் எனக்கு ஒரே ஒரு வரி: கொடி காட்டுபவருக்கு வெயிலில் கண் கூசியிருக்கலாம். கூசியிருக்கலாமாம். அன்றைக்கு மேகமூட்டம் சார். அதைத் திருத்தத்தான் வந்தேன். வேறு நோக்கம் இல்லை. தம்பி மேல் எனக்கு எந்த நாளும் கோபம் இருந்ததில்லை.

இன்னொன்றையும் திருத்திவிடுங்கள். முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான் என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்னேன். முதலில் அப்படி இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், ஒரு நிமிஷம்ணே என்று. சரி என்று நான் தலையாட்டினேன். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று அவன் மறுபடி குனிந்தான். அதற்கப்புறம்தான் பச்சையைத் தூக்கினேன்.