வடிகட்டின முட்டாள்கள்

— இந்தக் கண்ணாடி வழியா கீழ பாரு. மூணாவது வரிசை, பச்சைச் சட்டை. துண்டு காயப் போடுற மாதிரி கோட்டை நாற்காலி முதுகுல தொங்க விட்டிருக்கான். இவன் நாளைக்கு நாட்டுக்குக் கொள்கை வகுக்கப் போறான்.

— புழுக்கமா இருக்கு சார். அரங்கத்துல ஏசி ஓடல. சொல்லி அனுப்பியிருக்கேன்.

— ஏசி ஓடினா மூளையும் ஓடிடுமா? அந்த ஓரத்துல ஒருத்தி, வரவேற்புப் பையில குடுத்த பேனா எழுதுதான்னு உள்ளங்கையில கிறுக்கிப் பார்க்கிறா. வாசல்ல பொதுக் கொள்கைப் பள்ளின்னு பலகை வெச்சிருக்கோம். பஸ் ஸ்டாண்டுன்னு நினைச்சு வந்து உட்கார்ந்துட்டாங்க போல.

— அவங்க நகராட்சிப் புகார் கவுன்டர்ல இருந்தவங்க. யார் எதைக் குடுத்தாலும் பார்த்துத்தான் வாங்குவாங்க. நீங்க இறங்கி வந்து வரவேற்புரை சொல்லணும் சார். முதல் நாள், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.

— காத்திருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு கேட்கத்தான் மாடி ஏறி வந்தேன். எங்கிட்ட படிச்சவ நீ. இன்னைக்கு டைரக்டர் நாற்காலியில இருக்க, அதனால மரியாதையாவே கேட்கிறேன். என் நண்பரோட பையன் எங்க?

— எந்தப் பையன் சார்?

— சேர்க்கைக் கட்டுரையில குடிநீர்க் கட்டணத்தைப் பத்தி எழுதினவன். அப்பன்காரன் நேத்து போன்ல அழாத குறை. இடம் இல்லன்னு பதில் போட்டுட்டீங்களாமே.

— "பன்னிரண்டு வயதிலிருந்தே வறுமை என்னை உறங்கவிடவில்லை"ன்னு ஆரம்பிச்சிருந்தாரே, அவரா?

— அதுல என்ன தப்பு?

— தப்பே இல்ல சார். போட்டோவுல நல்லாத் தூங்கி எழுந்த முகமா இருந்தார்.

— நக்கல் வேண்டாம். எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் தீர்வு வெச்சிருந்தான். அட்டவணை, வரைபடம், சும்மா இழைச்சு வெச்சிருந்தான். விண்ணப்பங்கள்ல முதல் வடிகட்டல் நான் ஒருத்தன்தான். நான் எடுத்தவங்கள யாரும் கழிக்கக் கூடாது, கழிச்சவங்கள யாரும் எடுக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. இருக்கா இல்லையா?

— இருக்கு சார். அந்த விதிப்படிதான் நடந்திருக்கு.

— எப்படி? அவனுக்கு நான் ஒண்ணு போட்டேன்.

— ஆமா சார். ஒண்ணுதான் போட்டிருந்தீங்க.

— பின்ன?

— அஞ்சுக்கு ஒண்ணு எடுத்தா எப்படி சார் சேர்த்துக்கிறது?

— என்னம்மா உளர்ற? ஒண்ணுன்னா முதல் தரம். அஞ்சுன்னா குப்பை. எத்தனை அரசாங்கங்களுக்குத் தரவரிசை போட்டுக் குடுத்தவன் நான். எனக்கே நீ எண்ணச் சொல்லித் தர்றியா?

— தரவரிசைக்கு ஒண்ணு முதல் சார். இது மதிப்பெண். தாள்ல மேலயே போட்டிருக்கும்.

— மேல போட்டிருக்கிறத நான் படிக்கிறதில்ல.

— தெரியும் சார். "எனக்கே விதிமுறையா"ன்னு ஆபீஸ்ல எகிறினீங்களாம். இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க.

— இரு. அப்ப கீழ உட்கார்ந்திருக்கிறது?

— நீங்க அஞ்சு போட்டவங்க.

— அத்தனை பேருமா?

— நாலு வாங்கினவங்களும் கொஞ்சம் பேர் இருக்காங்க.

— அந்தப் புகார் கவுன்டர்காரி யாரு? கட்டுரை பூரா "எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை"ன்னு எழுதித் தொலைச்சாளே, அவளா?

— அவங்கதான். என்னென்ன தெரியலன்னு தெளிவா எழுதியிருந்தாங்க.

— பச்சைச் சட்டை?

— சிறைச்சாலை சமையற்கூடத்துக்குக் கொள்முதல் பார்த்தவர். உங்க புத்தகத்துல ரெண்டாம் அத்தியாயம் நடைமுறைக்கு ஆகாதுன்னு எழுதியிருந்தார்.

— அவனா? அவனுக்கு ஆறு போட இடம் இல்லையேன்னு வருத்தப்பட்டேன். அடப்பாவிங்களா. டீயைக் கீழ ஊத்திட்டு சக்கையைக் குடிச்சிருக்கீங்க. வடிகட்டின முட்டாளுங்கன்னு சும்மா திட்டுவோம். இதுங்க நிஜமாவே வடிகட்டினது. நானே என் கையால வடிகட்டினது.

— இந்த வருஷம் மட்டும் இல்ல சார்.

— போன வருஷமுமா?

— நீங்க சேர்ந்ததுலேர்ந்து.

— இருக்காது. எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?

— வருஷா வருஷம் இதே கண்ணாடிகிட்ட நின்னு, "நான் எடுத்தது இதுங்கள இல்லையே"ன்னு சலிச்சுக்குவீங்க. யாரு, என்னன்னு ஒருத்தரைப் பத்திக்கூடக் கேட்டதில்ல.

— நல்லதுங்க எல்லாம் வெளிநாட்டுக்குப் பறந்துடுது, கழிசடை நம்ம தலையில விழுதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா இதுங்கதான படிச்சு முடிச்சு ஆளா வந்துதுங்க? நிதித்துறையில இருக்காளே, அவ? அந்தத் துறைமுகத்தைத் தூக்கி நிறுத்தினவன்?

— ரெண்டு பேருக்கும் அஞ்சு. எனக்கும்தான் சார். பக்கத்துல "வாயாடி, வகுப்பைக் கெடுப்பாள்"னு ஒரு குறிப்பு வேற.

— நீயுமா. சரி, போனது போகட்டும். நானே இறங்கிப் போய் மைக்கைப் பிடிச்சு சொல்லிடறேன். தவறு நடந்துபோச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு. சரியான ஆளுங்களுக்கு இன்னைக்கே தகவல் போகட்டும். நண்பர் மூஞ்சியிலயும் முழிக்கலாம்.

— அந்தப் புகார் கவுன்டர் அம்மா வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க சார். இன்னும் பல பேர், குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு, குழந்தையை இங்க பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டு வந்திருக்காங்க.

— அதுக்கு? கொள்கைன்னு வந்துட்டா நாலு பேர் பாதிக்கப்படத்தான் செய்வாங்க. முதல் பாடமா வெச்சுக்கட்டும்.

— ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். நீங்க உட்காருங்க சார். வரவேற்புரையை நான் சொல்லிக்கிறேன்.

— உனக்கு இது இன்னைக்குத் தெரிஞ்ச விஷயமாத் தெரியலையே.

— படிக்கும்போதே சேர்க்கை ஆபீஸ்ல பகுதிநேரமா வேலை பார்த்தேன். அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். பழைய டைரக்டர்கிட்ட போய் சொன்னேன். கதவைச் சாத்திட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

— சிரிச்சாரா? திருத்தச் சொல்லலையா?

— யார்கிட்டயும் மூச்சு விடாதன்னார்.

— திட்டம் போட்டு என்னைக் கோமாளி ஆக்கியிருக்கீங்க. நாளைக்கே ராஜினாமா குடுக்கிறேன். ஓய்வு வாங்கினவனை வீட்டு வாசல் வரைக்கும் வந்து கெஞ்சி, திரும்பத் திரும்பப் பணிநீட்டிப்பு குடுத்தது நீங்கதான். என் வகுப்புக்கு எவனும் வர்றதில்லன்னு எனக்கே தெரியும். இருந்தும் ஏன் விடல? ஆளை எடை போடுறதுல என் மேல இருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையில மண்ணைப் போட்டுடாத.

— இன்னமும் அதே நம்பிக்கைதான் சார். நீங்க குப்பைன்னு ஒதுக்கின ஆள் ஒருத்தர்கூட இதுவரைக்கும் சோடை போனதில்ல.