ஜூன் வரை நின்ற பனி

காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் பம்பு ரூமில் காலையில் போட்டதையே சாயங்காலம் வரை சுட வைத்துக் குடிப்போம். அதற்கு இது எவ்வளவோ மேல்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் வருவது பனி. அதை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றது உங்களுக்குப் புரியாது.

கேலப் மலையில் இருபத்தாறு வருடமாகப் பனி செய்கிறேன். வானம் தருகிற பனி ஏப்ரலோடு சரி. வெர்மான்ட்டின் மற்ற மலைகளெல்லாம் சேறாகிக் கிடக்கும்போது, எங்கள் கிழக்குச் சரிவில் மட்டும் ஜனங்கள் அரைக்கால் சட்டையோடு சறுக்குவார்கள். வண்டிகள் நிற்குமிடத்தில் அடுப்பு மூட்டி சாசேஜ் சுடுவார்கள். ஜூன் ஒன்றாம் தேதி சறுக்கியவன் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். அவன் காலடியில் இருப்பது ஜனவரியில் நான் செய்த பனி.

குளத்துத் தண்ணீரைக் குழாயில் மேலே ஏற்றி, பனி பீய்ச்சும் பீரங்கிகள் வழியாகக் குளிர்ந்த காற்றில் தூளாக அடிக்க வேண்டும். அது விழும்போதே உறைந்துவிடும். வெறும் குளிர் போதாது, காற்றில் ஈரமும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாட்கள் ஒரு குளிர்காலத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் வரும். வந்தால் இரவு பகல் பார்க்காமல் அடிக்க வேண்டும். பீரங்கிகளை இடம் மாற்றாமல் ஒரே இடத்தில் கொட்டவிட்டால் வீடு உயரத்துக்கு மேடு எழும்பும். நாங்கள் அதைத் திமிங்கிலம் என்போம். சில நாள் நீர் வடிய விட்டு, பிறகு வண்டியால் தள்ளிப் பரப்பி இறுக்குவோம்.

மலையில் ஒரு விதி உண்டு. போட்டவன் நான்தான். பம்பு ரூம் சுவரில் ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் அடித்த பித்தளை வில்லை. மேலே போகிறவன் தன் வில்லையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். இறங்கி வந்ததும் ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் ஓர் ஆளைக்கூட நாங்கள் இழந்ததில்லை.

லைல் கோர்பெட்டின் எண் ஏழு. அவனை வேலைக்குச் சேர்த்தது நான். பிறகு அவன் எனக்கே மேலாளர் ஆனான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நல்ல வேலைக்காரன். இந்த ஜனவரி தொடக்கத்தில் என்னிடம் வந்து, "ஆரின், அடுத்த வருஷத்துலேர்ந்து ஏப்ரலோட கடைய கட்டிடலாம். குளத்துல தண்ணி பத்தல. ஜூன்ல நாலு கிறுக்கனுங்க சறுக்கறதுக்காக நம்ம ஆளுங்க குளிர்ல சாகணுமா?" என்றான். யோசித்துப் பார்க்கிறேன் என்றேன்.

பத்தொன்பதாம் தேதி அவன் காணாமல் போனான். உங்கள் அதிகாரி ஒருவர் வந்து ஆணியைப் பார்த்தார். ஏழு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குறித்துக்கொண்டார். மலையை விட்டு இறங்கிவிட்டான் என்று முடிவு செய்து, நெடுஞ்சாலையில் தேடினீர்கள், ஏரியில் தேடினீர்கள். லைல் வேலைக்கு நடந்து வருகிறவன், அதனால் வண்டியும் இல்லை. ஊரில் கனடாவுக்கு ஓடிவிட்டான் என்று பேசினார்கள், ஒரு பெண்ணையும் சேர்த்து. நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

ஜோஸி அப்படியல்ல. பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவள், வாய் துடுக்கு. வண்டியில் ஒரு திரை உண்டு. வண்டிக்குக் கீழே எத்தனை அடி பனி என்று காட்டும். மார்ச்சில் ஒரு நாள் இறங்கி வந்து கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்.

"வடக்கு ஓரத்துல நாப்பத்தோரு அடி காட்டுது. அங்க வெறும் பாறை. எவன் சறுக்கப் போறான்?"

"அது சரிவுக்குத் தோள் மாதிரி. அது எறங்கினா சரிவே எறங்கிடும்."

"இத்தனை வருஷமா இல்லாத தோளு இப்ப எங்கேர்ந்து முளைச்சுது?"

"சொன்ன இடத்துல தள்ளு, ஜோஸி."

"சரிங்க மகாராஜா." போகிறபோது சுவரைப் பார்த்தாள். "எல்லா வில்லையும் கருத்துப் போயிருக்கு. ஏழு மட்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குது?"

பழையது உடைந்துவிட்டது, மாற்றினேன் என்றேன். அதன்பிறகு உள்ளே வரும்போதெல்லாம் முதலில் ஆணியைப் பார்ப்பாள், பிறகு என்னை.

லைலின் மனைவி நடீன் ஞாயிறுதோறும் வந்தாள். அவளுக்குச் சறுக்கத் தெரியாது. ஜூன் ஒன்றாம் தேதி மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வடக்கு ஓரத்துக்குக் கீழே நிழலில் போட்டு உட்கார்ந்தாள். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு லெமனேடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஆரின், ஊர் பேசறது எனக்கு வேண்டாம். அவர் செத்திருந்தாலும் சரி, எவ கூடவோ இருந்தாலும் சரி. எங்க இருக்காருன்னு தெரிஞ்சா போதும். அன்னிக்கு மலைய விட்டு எறங்கினாரா?"

"வில்லை ஆணியில இருந்துச்சு, நடீன்."

நான் பொய் சொல்லவில்லை. இருந்தது.

அவள் உள்ளங்கையைப் பனியில் பதித்தாள். "இந்த வெயில்ல எப்படி உருகாம நிக்குது?"

சொன்னேன். அகலமாகப் பரப்பினால் வெயில் ஒரு வாரத்தில் தின்றுவிடும். குறுகிய இடத்தில் உயரமாகக் குவித்தால் தினம் ஒரு சாண்தான் போகும். உள்ளே இருப்பது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். அடியில் ஜனவரி அப்படியே இருக்கும். அவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு பொறுமையாக இந்த வேலையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பத்தொன்பதாம் தேதிக்கு வருகிறேன்.

காலை பதினொரு மணி. பூஜ்யத்துக்குக் கீழே பத்து, காற்று உலர்ந்திருந்தது. மூன்று நாள் இப்படியே இருக்கும் என்று வானிலையில் சொன்னார்கள். ஆட்கள் எல்லோரும் மேற்குச் சரிவில் இருந்தார்கள். பம்பு ரூமில் நான் மட்டும். வடக்கு ஓரத்தில் ஒரு வால்வு ஒழுகியது. மேடு வளர வளர வால்வைச் சுற்றிக் குழி விட்டுவிடுவோம். அன்று அதன் சுவர் பதினைந்து அடி. லைல் இறங்கிப் பார்த்தான். மேலாளர் இறங்க வேண்டியதில்லை. அவன் அப்படிப்பட்டவன்.

வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். பம்பு ரூமுக்கு மட்டும் கேட்கிற அலைவரிசை. "ஆரின், சுவர் சரிஞ்சிருச்சு. நெஞ்சு வரைக்கும் மூடிருச்சு. பீரங்கிய நிறுத்து, இதுல மேலயும் கொட்டுது."

அந்த வரிசையில் பன்னிரண்டு பீரங்கிகள். நிறுத்தினால் குழாயில் நிற்கிற தண்ணீர் அரை மணியில் உறைந்துவிடும். குழாய் வெடிக்கும். சரி செய்வதற்குள் குளிர் போய்விடும். இந்த வருடத்து ஜூன் போய்விடும். ஏற்கெனவே கடைசி ஜூன் என்று சொல்லிவிட்டான்.

"வர்றேன் லைல், கொஞ்சம் பொறு" என்றேன்.

"சீக்கிரம் வாடா. என்னைப் புதைச்சுட்டு ஜூன் வரைக்கும் என் மேல சறுக்கலாம்னு பாக்கறியா?" என்று சிரித்தான். எப்போதும் அப்படித்தான் பேசுவான்.

நாற்பது நிமிடம் பேசினான். நான் மூன்று முறை வருகிறேன் என்றேன். வாக்கி டாக்கியை அணைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் தனியாகச் சாகக் கூடாது. பிறகு பட்டறைக்குப் போய் பித்தளைத் தகட்டில் ஏழு அடித்தேன். நாலு மணிக்கு ஆட்கள் இறங்கி வரும்போது எல்லா ஆணியும் நிறைந்திருந்தது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

கூட்டம் போனபின் நானே அவனை எடுத்து நடீனிடம் ஒப்படைப்பதாக இருந்தேன். ஆனால் ஓரத்துப் பாறை வெயிலில் சூடேறி, பனியை அடியிலிருந்து தின்றுவிட்டது. இருபத்தாறு வருட அனுபவத்துக்கு அதை யோசித்திருக்க வேண்டும். ஜூன் ஒன்பதாம் தேதி ஜோஸி வந்து, அங்கே உருகிய தண்ணீரோடு வெளியே வந்த, கருத்துப்போன ஏழு ஒன்றை மேசைமேல் வைத்தாள். ஆணியிலிருந்து மினுக்குகிற வில்லையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நடு மேட்டில் எவ்வளவு பனி இருக்கிறது என்று நான்தான் அவளைக் கேட்டேன்.

கையெழுத்துப் போடுகிறேன், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. ஜூன் பத்தாம் தேதி பனி உருகி, உடல் கிடைத்தது என்று போட்டிருக்கிறீர்கள். பனி உருகவில்லை. இன்னும் பதினோரு அடி இருந்தது, இருபதாம் தேதி வரை தாராளமாகத் தாங்கியிருக்கும். உங்கள் ஆட்கள்தான் தோண்டிக் கெடுத்தார்கள். அதைத் திருத்திக் கொடுங்கள்.