நாலு விரல் கட்டை

பழைய டிரம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் துணியை எடுத்துத் துடைக்கிறார்கள். அது தப்பு. எந்தத் திருகை யாரும் தொட்டதில்லை, எங்கே தோள்வார் உரசியது, எந்த மடையன் எந்த வருஷம் பெயிண்ட் அடித்தான் என்பதெல்லாம் அந்தத் தூசியில்தான் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். எழுதியது சரிதானா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். துடைப்பதை மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் அய்யா, கதிரவன் சாவு பற்றி நீங்கள் எழுதிய காகிதத்தில் 'கவனக்குறைவால்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த அறையைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. அந்தச் சொல்லைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பாலகுமார். வயது இருபத்தெட்டு. குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலை. கதிரவனை 2007-ல் சிதம்பரத்தில் பார்த்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமா, மாலை வகுப்பு. தினமும் ஒரு பக்கம் டைரி எழுதுங்கள் என்று வாத்தியார் சொன்னார். நாற்பது பேரில் இன்றுவரை எழுதுகிறவன் நான் ஒருவன்தான். கதிரவன் மூன்றாம் நாளே விட்டுவிட்டான். பாதி வகுப்பு என் தோளில் சாய்ந்து தூங்குவான். பரீட்சைக்கு என் நோட்டைத்தான் படித்தான். என்னைவிட இரண்டு மார்க் அதிகம் வாங்கினான்.

டிரம் ஆசை இரண்டு பேருக்கும் இருந்தது. லால்பேட்டையில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த பெரிய டிரம்தான் முதலாவது. அப்புறம் புதுச்சேரி பழைய சாமான் கடைகள், கலைந்துபோன கல்யாண பேண்டு செட்டுகள். நாலு வருஷத்தில் எட்டு சேர்ந்தது. எல்லாம் தோல் கட்டியவை. ஒன்றையும் விற்றதில்லை. கேட்டு வந்தவர்களிடம் விலை என்னவென்று கூடச் சொன்னதில்லை. எட்டாவது, பித்தளை உடம்புள்ள சைடு டிரம். அதன் பத்துத் திருகில் ஒன்று காணவில்லை. அதே மரை, அதே தலையுள்ள திருகு கிடைக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. கதிரவன் தான் வேலை செய்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து பைக் போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, "இது ஒக்காந்துக்கும் மாப்ள, எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்றான். அவன் அப்படிப்பட்டவன்.

டிரம்கள் கடலூர் பழைய டவுனில், ஓ.டி.யில், அவன் வீட்டுப் பின்னறையில் இருந்தன. உப்பங்கழி பக்கம். ஈரக் காற்று பட்டால் தோல் தொய்ந்துபோகும். அதனால் கதவைச் சாத்தி, நாற்பது வாட் பல்பு நாலு போட்டு வைப்போம். கரண்ட் இல்லாத நாளில் கரித்தணல் போட்ட சட்டி. கரிச்சட்டி வைத்தால், அதன் விஷவாயு வெளியேற ஜன்னல் நாலு விரல் திறந்திருக்க வேண்டும் என்பது என் விதி. அந்த அளவுக்குப் பூவரச மரத்தில் ஒரு கட்டை செதுக்கி, ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்திருந்தேன். கட்டையைப் பார்ப்பது என் வேலை. கதிரவன் ஒருநாளும் பார்த்ததில்லை. "ஜன்னலு?" என்பான். "பாத்துட்டேன்" என்பேன். அதோடு சரி. அவனுடைய தங்கை ஜெயராணி கூடச் சிரிப்பாள்: "பாலு அண்ணன் ரெண்டு வாட்டி பாக்காம சோறே துண்ணாது."

வேலையெல்லாம் நான் செய்தாலும் ஒன்றை மட்டும் அவனிடம் விட்டிருந்தேன். தோலை முறுக்கியபின் ஒரு தட்டு தட்டிவிட்டு, "சரியா?" என்று கேட்பேன். அவன் கண்ணை மூடிக் கேட்டு, "எதிர்ப்பக்கத் திருகைக் கால் சுத்து விடு" என்பான். விட்டதும், சரியாகிவிட்டது என்பான். பித்தளை டிரம் முடிந்த அன்று, அவன் காது கொடுப்பதற்கு முன் நானே சரி என்றேன். அவன் சிரித்தான். "மாப்ள, ஒனக்குத் திருகாணிக்குத்தான் கை இருக்கு. காது கெடையாது." 2011 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவன் என்பதால் தேதி இருக்கிறது.

பிறகு, டிசம்பர் கடைசியில், தானே புயல். மாதா கோயில் பேண்டு ஷெட்டின் மேல் மரம் விழுந்து அவர்கள் டிரம்களெல்லாம் நொறுங்கிப்போயின. நல்லதுதான் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் தோல், கலர் பேப்பர், குழம்புக் கரண்டி பிடிக்கிற மாதிரி குச்சியைப் பிடிக்கிற ஆட்கள். பேண்டுக்குத் தலைவர் லூர்துசாமி. கதிரவன் அவரைக் கூட்டிக்கொண்டு பின்னறைக்கு வந்து, நான் நிற்கும்போதே சொன்னான்:

"எட்டையும் எடுத்துக்கங்க மாமா. திருவிழாவுக்கு அடிங்க. அதுக்கப்புறமும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

லூர்துசாமி பித்தளை டிரம்மை விரல் நகத்தால் சுண்டினார். "தோலு தொவண்டு கெடக்கே தம்பி."

"காய வெச்சுடலாம். பாலு இருக்கான்ல."

அவர் போனபின், இது நம் இருவருடையது என்றேன்.

"வாசிக்கத்தான மாப்ள டிரம்மு? நீ என்னா, போட்டோவுக்கு மால போடுற மாதிரி வெச்சிருக்க."

"அவுங்க கிழிச்சுடுவாங்க."

"கிழிஞ்சா நீ ஒட்டு. ஒனக்கும் வேல வேணும்ல."

ஜனவரி 9, திங்கட்கிழமை. புயலுக்குப் பின் பதினோராம் நாள், கரண்ட் வரவில்லை, என் கம்பெனியும் மூடியிருந்தது. மறுநாள் காலை டிரம்களை எடுக்க ஆள் வருவதாகப் பேச்சு. பகல் ஒன்றரைக்குக் கரிச்சட்டியை மூட்டி உள்ளே வைத்தோம். ஜெயராணி ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தாள். கதிரவன் பத்து நாளாகத் தெருவில் விழுந்த மரமெல்லாம் வெட்டி இழுத்திருந்தான். கண் சொருகியது. டிரம்களுக்கு நடுவில் பாயை விரித்தான்.

"செத்த நேரம் படு. தோல நான் திருப்பி வெச்சுக்கிறேன்," என்றேன்.

"ஜன்னலு?"

"பாத்துட்டேன்."

அது பொய் இல்லை. பார்த்திருந்தேன். கட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டபின் ஒரு முறையும், கொக்கியை மாட்டியபின் ஒரு முறையும் பார்த்தேன். இரண்டு முறையும் சாத்தியிருந்தது. பிறகு வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினேன். சைக்கிளில் சில்வர் பீச் வரை போனேன். சாய்ந்த சவுக்கு மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் சந்தேகம் வந்து முதலிலிருந்து எண்ணினேன்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலிலேயே நின்றேன். உள்ளே போனதும் முதலில் எட்டுத் தோலையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை. அதன்பிறகு அவனைப் பார்த்தேன்.

அடக்கத்துக்கு லூர்துசாமி டிரம்களைக் கேட்டு வந்தார். "அவன் ஆசப்பட்டுக் குடுத்தது தம்பி," என்று அழுதார். தோல் இப்போதுதான் காய்ந்திருக்கிறது, பனியில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்தோ பிளாஸ்டிக் தோல் டிரம்களை இரவல் வாங்கி அடித்தார்கள். கல்லறை வரை ஒரே இரைச்சல். அடுத்த வாரம் ஜெயராணியே எட்டையும் ஆட்டோவில் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். "ஒங்களத் தவிர யாருண்ணே பாத்துக்குவா?" என்றாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து நான் சாப்பிட உட்கார்ந்தபோது, சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, அந்த நாலு விரல் கட்டை எங்கண்ணே? ரூமெல்லாம் தேடிட்டேன், காணல."

தேடித் தருகிறேன் என்றேன். அவள் சந்தேகப்பட்டுக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உங்கள் காகிதம் தப்பாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பொருளை நான் வைத்த இடம் மறந்ததில்லை, ஒரு ஜன்னலைப் பார்க்காமல் விட்டதில்லை. கட்டையை இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன். அளந்து பாருங்கள், சரியாக நாலு விரல். கதிரவனைக் கொன்றது நான். டிரம்களைக் காப்பாற்ற வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கென்று அதில் எதுவுமில்லை.

டிரம்களைச் சாட்சியமாக எடுத்துப் போவீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். இன்னொரு உதவியும் வேண்டும். உங்கள் ஸ்டேஷனில் காது உள்ளவர் யாராவது இருந்தால், அந்தப் பித்தளை டிரம்மை ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதமாகத் தினமும் திருகிக்கொண்டிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை.