மூணு தடவை கூப்பிட்டாச்சு

— பாத்ரூம் கதவையும் தள்ளிப் பாத்தீங்களா, ப்ரீதா?

— ரெண்டு வாட்டி பாத்துட்டேங்க சார். சொத்து வரி கட்டாத கடைக்கு சீல் வைக்க வந்தமா, திருடனப் புடிக்க வந்தமா? ஓனரு ஆளுங்கள அனுப்பிட்டு எப்பவோ போயிட்டாருங்க.

— இன்னொரு வாட்டி பாத்துருவோம். மூட்டைக்குப் பின்னால டார்ச் அடிங்க.

— ஜான் சார், இன்னும் ஆறு கடை இருக்குதுங்க. மார்ச் கெடுபிடிக்குன்னு உங்கள ஊத்தங்கரையில இருந்து திரும்ப ஓசூருக்குக் கூப்பிட்டதே வேலை சட்டுனு ஆகணும்னுதாங்க.

— சட்டுனு வேலை பாத்த ஆளுதான் நானும். நீங்க சீல் வைக்கிறதுக்குப் புதுசு, அதான் சொல்லுதேன் தாயி. அரக்கு உருக்குறது, நோட்டீஸ் ஒட்டுறது, போட்டோ எடுக்கிறது எல்லாம் ஒரு நாள்ல பழகிரும். ஷட்டரை இழுக்குமுன்னாடி நம்ம காலு உள்ள போணும். வெளிய நின்னு கூப்பிட்டா பத்தாது.

— மூணு தடவ கூப்பிட்டாப் போதும்னுதானுங்க ஆபீஸ்ல சொன்னாங்க.

— நானும் மூணு தடவைதான் கூப்பிட்டேன்.

— எங்கங்க?

— ராயக்கோட்டை ரோட்ல, ஒரு பாக்குமட்டைத் தட்டு குடோன். மூணு வருசம் ஆச்சு. நாசரேத்துல இருந்து மாத்தலாகி ஓசூர் வந்து பத்து நாளுகூட ஆகல. ஆளுகள அனுப்பிட்டேன்னு ஓனர் போன்ல சொல்லிட்டாரு. ஷட்டர் பாதி எறங்கிக் கெடந்துச்சு. குனிஞ்சு, 'உள்ள யாரு, வெளிய வாங்க'ன்னு கூப்பிட்டேன். பதிலே இல்ல. இழுத்துப் பூட்டி அரக்கு வச்சாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம்.

— அப்புறம்?

— திங்கக்கிழமை வரியக் கட்டிட்டாரு. நாந்தான் சீலை ஒடச்சேன். ஷட்டரை ஒட்டியே ஒரு அம்மா செத்துக் கெடந்துச்சு. நஞ்சம்மான்னு பேரு, தட்டு அடுக்குற வேலை. முட்டிவலி, ஒரு எட்டு வைக்கவே நேரமாகுமாம்.

— ஐயோ.

— நெஞ்சுவலின்னாரு டாக்டரு. வெள்ளிக்கிழமை மத்தியானமே உசிரு போயிருக்கும்னாரு. அப்ப நான் போகுமுன்னாடியே போயிருக்கணும்லா? இல்லன்னா ஒரு பதில் சொல்லியிருக்குமே. விசாரணையிலயும் அப்படித்தான் எழுதினாவ. அத ஒண்ணைப் புடிச்சிக்கிட்டுத்தான் இன்னும் வேலை பாக்கேன்.

— உங்க மேல தப்பில்லன்னு ஆயிருச்சே. விடுங்க சார்.

— விட மாட்டேங்குதே. செத்தவ குரல் கேட்டா பேயின்னு சொல்லலாம், ஜெபம் பண்ணலாம். எனக்குக் கேக்குறது அந்தம்மா குரலே இல்ல. ஷட்டர் எறங்குற சத்தம் எங்க கேட்டாலும் பின்னாலயே வருது, வேற யாரோட குரலோ.

— வேற யாருங்க?

— பக்கத்துச் சந்துல இருந்த பொம்பளையா இருக்கும். லேத் பட்டறைச் சத்தத்துல எங்க இருந்துன்னு சரியாத் தெரியல. நான் கூப்பிடக் கூப்பிட, கடை மூடியாச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

— தமிழ்லயா சொன்னாங்க?

— உங்க ஊர்ல யாரு தமிழ் மட்டும் பேசுதாவ? 'பந்தே, பந்தே'ன்னுச்சு. பந்த்னா எல்லா பாஷையிலயும் மூடியாச்சுன்னுதானே? சரி, ஆள் இல்லங்கிறதுக்கு சாட்சியே வந்துட்டுன்னு இழுத்துட்டேன்... என்ன, அரக்கக் கீழ வச்சிட்டீங்க?

— நஞ்சம்மா எந்தூருங்க சார்?

— ஆனேக்கல் பக்கம். உங்க அம்மா ஊரும் அங்கதானே?

— ஆமாங்க.

— ஏன் மொகம் இப்படி ஆயிட்டு?

— ஒண்ணுமில்லீங்க. வாங்க, மூட்டைக்குப் பின்னால இன்னொரு வாட்டி பாக்கலாம்.

— ப்ரீதா. சொல்லுங்க.

— எங்கம்மாவுக்கும் முட்டிவலிதாங்க. வெளிய நின்னு கூப்பிட்டா, எந்திரிக்கறதுக்கு முன்னாடியே உள்ள இருந்து கொரல் குடுப்பாங்க, 'பந்தே, பந்தே'ன்னு. கன்னடத்துல அது... 'இதோ வந்துட்டேன்'னுங்க சார்.