பன்னிரண்டு கன்றுகள்

- அது பொட்டியில இல்லீங்க பிரதரு. நாந்தான் பொதைச்சுட்டேனுங்க.

- எதை, ஐயாக்கண்ணு? நான் கேட்பது அந்தப் பழைய வேதப் புத்தகத்தை.

- அதையேதானுங்க. நீங்க பாஸ்போர்ட்டு வேலையா சேலத்துக்கு எறங்குன அன்னைக்கே. காப்பித் தோட்டத்துக்கு மேக்கால, பலா மரத்தடியில.

- நாளைக் காலையில் ஜீப் வருகிறது. நான் அயர்லாந்து போவதே அதை என் கையால் எங்கள் மடத்தில் வைக்கத்தான். இருபது வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாய். உனக்கு அது தெரியாதா?

- தெரியுங்க. ஆனா ஞாயித்துக்கெழமை நீங்கதானுங்களே ஏட்டைத் தடவிக் காட்டுனீங்க. இது காயிதமில்ல, கன்னுக்குட்டித் தோலு, பன்னெண்டு கன்னு இதுக்குள்ள இருக்குதுன்னீங்க. உங்க புஸ்தகத் தமிழு எனக்குப் பாதி வெளங்காதுங்க. அது மட்டும் நொம்ப நல்லா வெளங்குச்சு.

- பெருமையில் சொன்னேன்.

- எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. எங்கூட்டுல கன்னு செத்தா மஞ்சத்தண்ணி தெளிச்சு, பாலூத்தி, உப்புப் போட்டு அடக்கம் பண்ணுவமுங்க. பன்னெண்டையும் பொட்டியில போட்டு வெச்ச ஊட்டுல நான் எப்படிங்க அடுப்புப் பத்த வெக்கறது?

- உப்பும் போட்டாயா?

- ரெண்டு படிங்க. பொறகு நீங்க தேடுவீங்களேன்னு மனசு கேக்கல. இன்னைக்கு வெடியாலே போய்த் தோண்டுனேன். மூணு நாள் மழைங்களே. கூழாட்டம் கையோட வருதுங்க. ஒரு எழுத்துக்கூட நிக்கல.

- ஆயிரத்து நூறு வருஷம், ஐயாக்கண்ணு. கடலுக்கு நடுவே ஒரு பாறைத் தீவு. சுண்ணாம்புகூட இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய குடிசைகள். குளிரில் விரல் வெடிக்க வெடிக்க அங்கே துறவிகள் உட்கார்ந்து எழுதியது அது. மற்ற தேசங்களில் படிப்பே அழிந்துகொண்டிருந்த காலம். எங்கிருந்தோ கப்பலேறி வந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஏடும் கொடுத்து, ஒன்றும் வாங்காமல் கற்றுக்கொடுத்தார்கள். கொள்ளைக்காரர்கள் கரையேறினால் முதலில் புத்தகத்தைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

- நான் பெரும் பாவிங்க.

- நீ கன்றை அடக்கம் செய்தாய். பாவம் செய்தவன் நான். அதை மடத்திலிருந்து திருடியது நான்தான்.

- என்னங்க சொல்றீங்க?

- எனக்கு இருபத்திரண்டு வயது. அவ்வளவு அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கே வேண்டும் என்று தோன்றியது. சட்டைக்குள் வைத்துக்கொண்டு கப்பலேறி, இந்த மலைக்கு வந்துவிட்டேன். நாற்பது வருஷமாகப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

- அப்பப் போனது போச்சுன்னு உடுங்க. மடத்துக்குப் போயி, நாந்தான் எடுத்தேன்னு வாயால சொன்னாப் பத்தாதுங்களா? சாமியாருங்க மன்னிக்க மாட்டாங்களா?

- நம்ப மாட்டார்கள். தம்பி பேரைக் காப்பாற்றக் கிழவன் பொய் சொல்கிறான் என்பார்கள்.

- தம்பிங்களா? உங்களுக்குத் தம்பி இருக்கறாருன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்களே.

- அவனும் அதே மடத்தில்தான் இருந்தான். நூலகச் சாவி அவன் கையில் இருந்தது. திருடன் என்று அவனை விரட்டினார்கள். அந்த மாதமே ஆற்றில் இறங்கிவிட்டான். எனக்கு இங்கே கடிதம் வந்தது. படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

- செத்தவரு போயிட்டாருங்க. இனி அந்த ஏட்டைக் கொண்டுபோயி வெச்சாத்தான் அவருக்கு என்னங்க ஆகப் போவுது?

- உயிரை மாய்த்துக்கொண்டவன் என்று அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை, ஐயாக்கண்ணு. மதிலுக்கு வெளியே, ரோட்டோரம் புதைத்திருக்கிறார்கள். அவனை எடுத்து, எங்கள் அம்மா பக்கத்தில் படுக்க வையுங்கள் என்று கேட்க என் கையில் சாட்சியாக அந்தப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது.