கேலோங் காட்டின கரை

— மழை விட்டுடுச்சு, வாத்தியாரே! பேச்சுக் குழாயில கேக்குதா? சேதுபதி பேசுறேன்.

— இந்தக் கூரையில்லாத விமானத்துல இருக்கறதே ரெண்டு பேர். பின் சீட்டுல ஓட்டுற நீ, முன் சீட்டுல வழி சொல்ற நான். வேற யாரு பேசப் போறா, வானத்துலேருந்து சம்மனசா?

— விளையாடாத லா, இயேசுதாசன். கீழே பாரு. நாலா பக்கமும் தண்ணி.

— பார்த்தேன், பைலட்டய்யா. ஆறு வருஷமா பூகோளம் நடத்துறேன். அதுக்குப் பேரு கடல்.

— சிங்கப்பூர்லேருந்து பத்து பகாட் ஊர் வரைக்கும் போயி நம்ம தெங்கா தளத்துக்குத் திரும்பு, சின்னப் பயிற்சின்னுதான ஸ்குவாட்ரன் லீடர் அனுப்பினாரு. அந்தக் கறுப்பு மேகம் நம்மளைப் புரட்டி எடுத்துடுச்சு. இப்ப எங்க இருக்கோம்? மேப் என்ன சொல்லுது?

— மேப்பா? மேப் நல்லபடியாச் சொல்லுது. மலாக்கா நீரிணைங்குது.

— காம்பஸ் பம்பரமாச் சுத்துது. கண்ணாடி விரிசல் விட்டு உள்ள இருந்த ஸ்பிரிட்டெல்லாம் என் கால்சட்டையில.

— என் பக்கத்துக் காம்பஸை ரிப்பேருக்குன்னு போன மாசமே கழட்டிட்டாங்க. அது இருந்த ஓட்டை மட்டும் ஆடாம அசையாம இருக்கு. அதை வேணா நம்பலாம்.

— சூரியனும் தெரியலை. ரேடியோவும் கிடையாது.

— ரேடியோ இருந்தா என்ன கேப்பே, நேயர் விருப்பமா?

— ஐயோ சாமி! வாரம் பூரா கப்பல் ஆபீஸ்ல பில் எழுதுறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல கிடந்து தூங்காம இந்தத் தொண்டர் விமானப் படையில ஏன் சேர்ந்தேன்?

— யூனிஃபார்ம் நல்லா இருந்துச்சுன்னு. எனக்கும் அதே கதைதான்.

— பெட்ரோல் அளவு காட்டுற மிதவையைப் பாரு. முக்கால் மணி நேரம் ஓடினா அதிகம். சும்மா இருக்காத, மேப்ல ஏதாச்சும் தேடு.

— தேடிக்கிட்டுதான் இருக்கேன். பொறு, கொஞ்சம் கீழே இறக்கு. இடது பக்கம், தண்ணிக்கு நடுவுல குச்சி குச்சியா அது என்ன?

— கேலோங் லா. மீன் பிடிக்கக் கம்பு நட்டு வச்சிருக்கான்.

— கம்பு வரிசை அம்பு மாதிரி இருக்கா?

— ஆமா. ஒரு முனையில வீடு மாதிரி, அதுலேருந்து நீளமா வேலி.

— வேலியோட வால் கரையைப் பார்த்து நிக்கும். கரையோரம் வர்ற மீன் வேலியில முட்டி, அதை ஒட்டிக்கிட்டே ஆழத்துக்கு ஓடும். ஆழத்துலதான் வலை. மீன் ஓடுற திசைக்கு எதிர்த்திசையில நாம போவோம்.

— இதெல்லாம் மேப்ல போட்டிருக்கா?

— இந்த மேப்ல போடாதது எதுவுமே இல்லை. வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போ!

— போறேன்... போறேன்... ஒண்ணும் காணோமே. அஞ்சு நிமிஷம் ஆச்சு.

— இன்னும் அஞ்சு நிமிஷம் போ. மீனுக்கு இருக்கிற பொறுமை நமக்கு இருக்கக் கூடாதா?

— வாத்தியாரே! பச்சை! முன்னால பச்சையாக் கோடு! மரம் லா, சதுப்பு நில மரம்!

— கத்தாத, குழாய் என் காதோட ஒட்டியிருக்கு. அது ஜொகூர் கரை.

— கரை சரி. இடமா, வலமா? ஒரு பக்கம் தெங்கா. தப்பான பக்கம் போனா பெட்ரோல் தீர்ந்து முதலை வாயில. மேப்பைப் பாரு!

— பார்க்கிறேன்... கரையை ஒட்டித் தோங்காங் போகுது, தெரியுதா?

— சரக்குப் படகுதான? தெரியுது. ரெண்டு வலது பக்கம் போகுது, மூணு இடது பக்கம்.

— எது முங்குற மாதிரிப் போகுது?

— வலது பக்கம் போறது ரெண்டும். அடுப்புக்கரி மூட்டை. விளிம்பு வரைக்கும் தண்ணி.

— மத்த மூணும்?

— வெறும் வயிறு. தக்கையா மிதக்குது.

— ஊர்ப்பட்ட கரியையும் விறகையும் வாங்கிக்கிட்டு, படகை வெறும் வயித்தோட திருப்பி அனுப்புற ஊரு எது?

— சிங்கப்பூர்!

— பாஸ் பண்ணிட்டே. வலது பக்கம் திருப்பு.

— திருப்பிட்டேன். கரை முடியுது... இடது பக்கமா வளையுது... வாத்தியாரே, எதிர்ல துவாஸ்! அந்தாண்ட தெங்கா! ரன்வே தெரியுது லா!

— தெரியுது, தெரியுது. மெதுவா இறக்கு. நான் பிள்ளைகுட்டிக்காரன்.

— பிடிச்சுக்கோ... தொட்டாச்சு! ஐயையோ, இன்ஜின் நின்னுடுச்சு! வாத்தியாரே, இன்ஜின் நின்னுடுச்சு!

— நிக்கட்டுமே. நாமளும்தான் நிக்கிறோம், தரையில. கண்ணைத் திறந்து பாரு. கீழே புல்லு.

— புல்லு லா! இறங்கு, இறங்கு. மொதல்ல இதுல குப்புற விழுந்து படுக்கணும்.

— புல்லுக்கு முத்தம் குடுக்காத. நேத்துதான் கொசு மருந்து அடிச்சான்.

— நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கிறே? அழறியா?

— மழைத்தண்ணி.

— மழை விட்டு அரை மணி நேரம் ஆச்சு.

— சரி, அழறேன். உனக்கென்ன? வா, தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி ஆளுக்கு ரெண்டு பரோட்டா சாப்பிடுவோம். உசிரு வந்தா பசியும் வந்துடுது.

— உன் வீட்டம்மா உர்சுலா அக்காகிட்ட என்ன சொல்லுவே?

— பஸ் லேட்டுன்னு சொல்லுவேன். சேது, ஒரு நிமிஷம் நில்லு. ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. என்கிட்ட மேப் இல்லை.

— ம்.

— மேகத்துக்குள்ள தலையை வெளிய நீட்டிப் பார்த்தேன். காத்து பிடுங்கிக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் சொன்னதெல்லாம் சொந்தச் சரக்கு. கேலோங் விஷயம் மீன்கார நாகூர் கனி சொன்னது. தோங்காங் விஷயம் அந்த நிமிஷம் தோணினது, சரியா தப்பான்னு எனக்கே தெரியாது. நீ பயந்துடுவேன்னுதான் மறைச்சேன்.

— தெரியும் லா.

— என்ன தெரியும்?

— முன் சீட்டுலருந்து பறந்த மேப் வேற எங்க போகும்? என் மூஞ்சியில ஒரு அறை விட்டுட்டுதான் கடலுக்குப் போச்சு.

— அடப்பாவி! அப்புறம் ஏன்டா மூச்சுக்கு மூச்சு மேப் என்ன சொல்லுது, மேப் என்ன சொல்லுதுன்னு கேட்டே?

— மேப் போன கையோட நீ செபம் சொல்ல ஆரம்பிச்சே. எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்னு நீ சொன்னது வரைக்கும் குழாயில கேட்டுச்சு. அந்த இடத்துலேருந்து உன்னைக் கிளப்பணும்னா பூகோளத்துல கேள்வி கேட்டாதான் முடியும்னு தோணுச்சு, வாத்தியாரே.